தேர்தலுக்கு வேலி போட்ட ஸ்டிம்ஸன்

1910-ம் ஆண்டில் நியூயார்க் ராஜ்யத்தின் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டு ஒரு வக்கீல் தோற்றுப் போனார். சட்டம் தெரிந்தவர், நேர்மையானவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மேடையேறிக் கூட்டத்தைக் கவரும் வித்தை அவருக்கு வரவில்லை. பெரிய பதவிக்காக மக்களிடம் ஓட்டுக் கேட்டு அவர் நின்றது அந்த ஒரு தடவைதான்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, தேர்தலில் தோற்ற அதே வக்கீலை அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜ் கூப்பிட்டனுப்பினார். மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா என்ற சின்னஞ்சிறு நாட்டில் இரண்டு கட்சிகள் துப்பாக்கியும் கையுமாக மோதிக் கொண்டிருந்தன. சண்டையை நிறுத்தி, அங்கே ஒழுங்கான தேர்தல் நடப்பதற்கு வழி செய்ய வேண்டும். இதுதான் அவருக்கு இட்ட பணி.

அவர்தான் ஹென்றி லூயிஸ் ஸ்டிம்ஸன். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்காவின் யுத்த மந்திரியாக இருந்தவர் என்றே சரித்திரம் அவரை அதிகம் நினைவு வைத்திருக்கிறது. ஆனால் 1927-ல் நிகராகுவாவில் அவர் கழித்த ஒரு மாத காலம், உலகத்துக்கு ஒரு பெரிய பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

தராசில் மோசடி

ஸ்டிம்ஸன் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற ரண சிகிச்சை டாக்டர். சிறு வயதிலேயே தாயை இழந்த பையன், தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான். யேல் சர்வகலாசாலையிலும் பிறகு ஹார்வர்டு சட்டக் கல்லூரியிலும் படித்து, எலிஹு ரூட் என்ற பிரபல வக்கீலிடம் தொழில் பழகினார்.

1906-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை நியூயார்க்கில் சர்க்கார் வக்கீலாக நியமித்தார். அப்போது அவர் நடத்திய வழக்குகளில் ஒன்று நாடெங்கும் பேசப்பட்டது. பெரிய சர்க்கரைக் கம்பெனி ஒன்று, துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்கை நிறுக்கும் தராசில் தந்திரம் செய்து எடையைக் குறைத்துக் காட்டி, சுங்க வரியை ஏய்த்து வந்தது. ஸ்டிம்ஸன் அதை அம்பலப்படுத்தி, கம்பெனியிடமிருந்து பெரும் தொகையை வசூலிக்க வைத்தார்.

நிறுக்கும் தராசு நேராக இருந்தால் நியாயம் தானே கிடைக்கும். இந்த நம்பிக்கை அவர் மனத்தில் வேரூன்றி விட்டது. 1911 முதல் 1913 வரை யுத்த மந்திரி பதவி வகித்தார். முதல் உலக யுத்தத்தில் ஐம்பது வயதில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பிரான்ஸ் சென்றார். பிறகு மீண்டும் வக்கீல் தொழிலுக்கே திரும்பினார்.

இரண்டு ஊர், இரண்டு கட்சி

நிகராகுவாவில் லிபரல் கட்சிக்கும் கன்சர்வேடிவ் கட்சிக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. லியோன் நகரம் லிபரல்களின் கோட்டை. கிரனாடா நகரம் கன்சர்வேடிவ்களின் கோட்டை. இந்த இரண்டு ஊர்களின் போட்டிக்கு முடிவு கட்டவே, 19-ம் நூற்றாண்டின் நடுவில் இடையிலிருந்த மனாகுவாவைத் தலைநகராக்கினார்கள். தலைநகர் மாறியது, பகை மாறவில்லை. ஆட்சியிலிருக்கும் கட்சி தேர்தலில் தோற்பது என்ற வழக்கமே அங்கே கிடையாது. ஓட்டை எண்ணுகிறவன் அவர்களுடைய ஆள். ஆகவே எதிர்க்கட்சி ஓட்டுப் பெட்டியை நம்பவில்லை, துப்பாக்கியை நம்பியது.

1912 முதல் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்க மரீன் துருப்புகள் 1925 ஆகஸ்டில் வெளியேறின. மூன்று மாதம் கூடக் கழியவில்லை, கன்சர்வேடிவ் தலைவர் எமிலியானோ சமோரோ பலாத்காரமாக அதிகாரத்தைக் கைப்பற்றினார். அவருடைய ஆட்சியை அமெரிக்கா அங்கீகரிக்க மறுத்தது. 1926 இறுதியில் அதே கட்சியின் அடால்போ டியாஸ் ஜனாதிபதியானார். அவருக்கு அமெரிக்காவின் ஆதரவு கிடைத்தது. லிபரல் தலைவர் ஸகாஸா எதிர் அரசாங்கம் அமைத்தார். அவருக்கு மெக்ஸிகோ ஆயுதம் அனுப்பியது. லிபரல் படைகளுக்குத் தளபதி ஜெனரல் மொங்காடா. நாடு ரணகளமாயிற்று. அமெரிக்கத் துருப்புகள் மறுபடியும் வந்திறங்கின.

முள்மரத்தடியில் ஒப்பந்தம்

1927 ஏப்ரலில் ஸ்டிம்ஸன் தம் மனைவியுடன் கொரிண்டோ துறைமுகத்தில் வந்து இறங்கினார். இரு தரப்பாரையும் பார்த்தார். எல்லோரும் சண்டையால் அலுத்துப் போயிருந்தார்கள். ஆனால் எதிர்க்கட்சி நடத்தும் தேர்தலை நம்ப யாரும் தயாராக இல்லை.

அவர் வகுத்த திட்டம் இதுதான்: இரு தரப்பாரும் ஆயுதங்களை அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லோருக்கும் பொது மன்னிப்பு. கட்சிப் படைகளுக்குப் பதிலாக, எந்தக் கட்சியையும் சாராத தேசியக் காவல் படை ஒன்றை அமெரிக்க அதிகாரிகள் பயிற்சி அளித்து உருவாக்குவார்கள். 1928-ல் அமெரிக்க மேற்பார்வையில் தேர்தல் நடக்கும். அதுவரை டியாஸே பதவியில் நீடிப்பார்.

மே மாதம் 4-ந் தேதி டிபிடாபா என்ற ஊரில், ஆற்றங்கரையோரம் ஒரு முள்மரத்தின் நிழலில் ஸ்டிம்ஸனும் மொங்காடாவும் சந்தித்தார்கள். டியாஸ் நீடிப்பதை மட்டும் தம் வீரர்கள் ஏற்க மாட்டார்கள் என்றார் மொங்காடா. ஸ்டிம்ஸன் விட்டுக் கொடுக்கவில்லை. ஆயுதங்களைத் தாமாக ஒப்படைக்காதவர்களிடமிருந்து அமெரிக்கப் படை பலவந்தமாகப் பறிக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வல்லரசுடன் மோதி வீரர்களைப் பலி கொடுக்க மொங்காடா விரும்பவில்லை. இணங்கினார். துப்பாக்கியை ஒப்படைத்த ஒவ்வொரு வீரனுக்கும் பத்து டாலர் கொடுக்கப்பட்டது.

லிபரல் தளபதிகளில் ஒருவர் மட்டும் இணங்கவில்லை. அவர் பெயர் அகஸ்டோ ஸாண்டினோ. நிலச்சுவான்தாருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் பிறந்தவர். மெக்ஸிகோவின் எண்ணெய் வயல்களில் உழைத்தவர். அந்நியத் துப்பாக்கியின் நிழலில் வரும் சமாதானம் சமாதானமே அல்ல என்பது அவர் கட்சி. சிறு கூட்டத்துடன் வடக்கு மலைகளுக்குப் போய்விட்டார். ஜூலையில் அவருடைய ஆட்கள் ஒகோடல் ஊரைத் தாக்கியபோது, அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு விரட்டின. கொரில்லாப் போர் ஐந்தரை ஆண்டுகள் நீடித்தது.

விரலில் சாயம்

1928 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் வந்தது. அமெரிக்க ஜெனரல் பிராங்க் மெக்காய் தேர்தல் சபையின் தலைவர். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஓர் அமெரிக்க வீரர் தலைமை வகிக்க, கட்சிக்கு ஒருவராக இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவரே இரண்டு தரம் ஓட்டுப் போடாமலிருக்க, வாக்காளரின் விரலைச் சாயத்தில் தோய்த்தார்கள்.

லிபரல் மொங்காடாவுக்குச் சுமார் 76,800 ஓட்டுகள். கன்சர்வேடிவ் அபேட்சகர் பெனார்டுக்குச் சுமார் 57,000. ஆளும் கட்சி தோற்றது! 1929 ஜனவரி முதல் தேதி, டியாஸ் பதவியை விட்டு இறங்க, மொங்காடா ஏறினார். பதவி ஒரு கட்சியிடமிருந்து எதிர்க்கட்சிக்கு ஓட்டினால் கைமாறியது, அந்த மண்ணில் பெரிய அதிசயம்.

அப்போது ஸ்டிம்ஸன் பிலிப்பைன்ஸில் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1929-ல் வெளிநாட்டு மந்திரியான பிறகு, துருப்புகளைத் திருப்பியழைப்பதென்று அவரே முடிவு செய்து 1931-ல் அறிவித்தார். 1932-ல் மற்றொரு தேர்தல் நடந்தது. இம்முறை ஸகாஸா ஜெயித்தார். 1933 ஜனவரியில் கடைசி மரீன் வீரனும் கப்பலேறினான். அந்நியப் படை வெளியேறியதும் ஸாண்டினோ தாமாகச் சமாதானத்துக்கு வந்தார்.

வேலியே பயிரை மேய்ந்தது

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

ஸ்டிம்ஸனின் பேச்சுவார்த்தைகளில் துபாஷியாக உதவியவர் ஓர் இளைஞர். அமெரிக்காவில் படித்தவர், சரளமாக ஆங்கிலம் பேசுவார், எல்லோருக்கும் பிடித்தவர். பெயர் அனஸ்டாஸியோ ஸொமோஸா. அமெரிக்கர்கள் புறப்பட்டபோது தேசியக் காவல் படையின் தலைமை அவர் கைக்கு வந்தது. 1934 பிப்ரவரி 21-ந் தேதி இரவு, ஜனாதிபதி மாளிகையில் விருந்துண்டு திரும்பிய ஸாண்டினோவை அந்தப் படையினர் பிடித்துச் சென்று சுட்டுக் கொன்றார்கள். 1936-ல் ஸொமோஸா, ஸகாஸாவையே பதவியிலிருந்து விரட்டினார். ஸொமோஸா குடும்பத்தின் ஆதிக்கம் 1979 வரை நீடித்தது. அதை வீழ்த்தியவர்கள் ஸாண்டினோவின் பெயரைச் சூட்டிக் கொண்டவர்கள்.

ஓட்டுப் பெட்டியைக் காப்பதற்கென்று போட்ட வேலி, பயிரையே மேய்ந்துவிட்டது. கட்சி சாராத படை என்று திட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் படை யாருக்குக் கட்டுப்பட்டது? சட்டசபைக்கா, நீதிமன்றத்துக்கா? இரண்டுக்கும் இல்லை. நாட்டிலிருந்த ஆயுதங்களெல்லாம் ஒரே கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கையைத் தடுக்க எவராலும் முடியவில்லை.

கட்சியைக் கடந்தவர்

ஸ்டிம்ஸன் சொந்த நாட்டில் கட்சிப் பகையைத் தாண்டி நின்றவர். 1940-ல், ஆயுட்கால ரிபப்ளிகனான அவரை டெமாக்ரடிக் கட்சி ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் யுத்த மந்திரியாக அழைத்தார். சொந்தக் கட்சிக்காரர்கள் சீறினார்கள். நாட்டுக்கு ஆபத்து வரும் வேளையில் கட்சி பெரிதல்ல என்று கருதி, 72 வயதில் அவர் பதவியேற்றார்.

அணுகுண்டு வீசும் முடிவில் அவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் குண்டுக்கு இலக்காகக் குறித்த நகரங்களின் பட்டியலிலிருந்து கியோட்டோவை நீக்கியே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே. ஜப்பானின் அந்தப் பழம்பெரும் கோவில் நகரம் பிழைத்தது. 1945 செப்டம்பர் 21, தமது 78-வது பிறந்த நாளன்று பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1950 அக்டோபர் 20-ந் தேதி லாங் ஐலண்டிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். அந்த நாளில் நிகராகுவாவின் ஜனாதிபதி யார் தெரியுமா? அவருடைய பழைய துபாஷி ஸொமோஸாதான்!

ஸ்டிம்ஸன் நிறுத்திய தராசு நேரானது. 1928-ல் அது ஓட்டுகளைச் சரியாகவே நிறுத்தது. அந்நியர் வந்து ஒரு நாள் தேர்தலை நியாயமாக நடத்திக் கொடுக்கலாம். ஆனால் மறுநாள் அவர் கப்பலேறிப் போய்விடுவார். அதன் பிறகு தராசைப் பிடிக்கும் கை, அந்த நாட்டு மக்களின் சட்டத்துக்கு அடங்கிய கையாக இருக்க வேண்டும். நிகராகுவா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.