தம் உடலையே சோதனைக்கூடமாக்கியவர்: பிரௌன்-செக்கார்

தமிழரும் பிற இந்தியரும் பெருந்தொகையாகக் குடியேறிய மொரீஷியஸ் தீவில், போர்ட் லூயிஸ் நகரில், 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் சார்ல்ஸ் எட்வர்ட் பிரௌன்-செக்கார் பிறந்தார். தந்தை பிரௌன் அமெரிக்கக் கப்பல் தலைவர்; மகன் பிறக்குமுன்பே கடலில் மறைந்தார். பிரெஞ்சு வழியில் வந்த தாய் தையல் வேலை செய்து மகனை வளர்த்தார். தாயின் குலப்பெயரான செக்கார் என்பதை அவர் பின்னாளில் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

பாரிஸில் வறுமையோடு போராடி 1846-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். தண்டுவடத்தில் ஒரு பாதி மட்டும் அறுபட்டால், அறுபட்ட பக்கத்தில் அசைவு போகும். மறுபக்கத்தில் வலியும் வெப்பமும் தெரியா. இதைக் கண்டு விளக்கியவர் அவரே. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்நிலையை அவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

1854-ல் மொரீஷியஸில் காலரா பரவியபோது அங்கே சென்று நோயாளிகளுக்குப் பணி செய்தார். அபினி மருந்து காலராவைத் தடுக்குமா என்று அறிய, நோயாளியின் வாந்தியைத் தாமே விழுங்கி, மேலே அபினியையும் உட்கொண்டார். உயிர் தப்பியது அரிது. இதைத் துணிவு என்பதா, மடமை என்பதா? எனக்கு இரண்டும் கலந்ததாகவே தோன்றுகிறது.

1856-ல் விலங்குகளின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றி, அவையின்றி உயிர் நிலைக்காது என்று காட்டினார். லண்டன், ஹார்வர்ட் என்று ஊர் ஊராய் மாறிய பின், 1878-ல் பாரிஸில் மாமேதை கிளாட் பெர்னாரின் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அந்தப் புகழோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

1849-ல் ஜெர்மனியில் பெர்த்தோல்டு என்பவர் சேவல் குஞ்சுகளின் விரைகளை நீக்கினார். அவற்றுக்குக் கொண்டை வளரவில்லை; கூவலும் சண்டையும் இல்லை. விரையை வயிற்றுக்குள் வேறிடத்தில் ஒட்டவைத்த குஞ்சுகளோ முழுச் சேவல்களாக வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுபட்ட பின்னும் இது நடந்ததால், விரையிலிருந்து ஏதோ ஒன்று குருதியில் கலக்கிறது என்பது விளங்கியது. அதை அக்காலத்தில் பொருட்படுத்தியவர் சிலரே.

பிரௌன்-செக்கார் அவ்வழியே சிந்தித்தார். முதுமைத் தளர்ச்சிக்கு இந்தச் சுரப்புக் குறைவும் ஒரு காரணமாகலாம் என்பது அவர் எண்ணம். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நீரில் அரைத்து வடிகட்டி, தம் தோலின் கீழ் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். 1889 ஜூன் 1-ஆம் நாள் பாரிஸ் உயிரியல் கழகத்தில், எழுபத்திரண்டு வயதுக் கிழவர், தம் கைவலிமை மிகுந்தது, மாடிப்படியில் விரைந்து ஏற முடிகிறது, நெடுநேரம் உழைக்க முடிகிறது என்று அறிவித்தார். வலிமையைக் கருவியால் அளந்தும் காட்டினார். பிறரும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அறிஞருலகில் பலர் நகைத்தனர், வணிகர்களோ மகிழ்ந்தனர். இளமை திரும்பும் மருந்து என்று பல நாடுகளில் விற்பனை தொடங்கிற்று. வட நாட்டில் ரயிலில் செல்லும் நாம், தண்டவாளத்தை அடுத்த சுவர்களில் ஆண்மை மருந்து விளம்பரங்களைக் காண்கிறோம் அல்லவா? பாவம், தனியே ஊர் விட்டு வந்த இளைஞன் யாரையும் கேட்க நாணி அங்கே பணத்தைத் தொலைக்கிறான்.

அந்த ஊசியில் உண்மையில் என்ன இருந்தது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. விரையின் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் கரையும். நீரில் மிக அரிதாகவே கரையும். மேலும் விரை அதைச் சேமித்து வைப்பதில்லை. உண்டானதும் குருதியில் விட்டுவிடும். 2002-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் முறைப்படியே சாறு தயாரித்து அளந்தனர்; அதிலிருந்த டெஸ்டோஸ்டிரோன் உடலில் விளைவு தர இயலாத அளவே. கிழவருக்கு வலிமை தந்தது அவருடைய நம்பிக்கையே.

தைராய்டு சுரப்பி அப்படியன்று. தன் ஹார்மோனைச் சேமித்து வைப்பது. 1891-ல் இங்கிலாந்தில் மரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியேற்றி, அச்சுரப்பி குன்றிய நோயாளியை நலமாக்கினார். கிழவரின் கருத்து சரி. அவர் தேர்ந்தெடுத்த சுரப்பியும் சாறெடுத்த முறையும் தவறு.

இன்னொன்றும் அவர் காலத்தில் தெரியாது. விரை தன் விருப்பப்படி சுரப்பதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் ஏவ, அதனடியில் தொங்கும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. அவற்றின் ஏவலில் விரை வேலை செய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் மூளை ஏவலைக் குறைத்துவிடும். ஆகவே அதை வெளியிலிருந்து அளவின்றி ஏற்றிக்கொள்பவனுக்குச் சொந்தச் சுரப்பு அடங்கி, விந்தணு உற்பத்தியும் குன்றும். உடற்பயிற்சிக் கூடங்களில் ஊசி தேடும் நண்பர்கள் கவனிக்க. பெண்ணுடலிலும் அதே பிட்யூட்டரி ஹார்மோன்கள்தாம். அங்கே முட்டைப்பை முதலில் ஈஸ்ட்ரோஜனையும், முட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்டிரோனையும் சுரந்து கருப்பையை ஆயத்தம் செய்கிறது. கரு தங்காவிடில் இரண்டும் குறைந்து மாதவிலக்கு வருகிறது.

பிரௌன்-செக்கார் தம் கருத்தைக் கைவிடாமலே 1894 ஏப்ரல் 2-ஆம் நாள் பாரிஸில் காலமானார். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் வழங்கியது 1905-ல். காளையின் விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் தூய படிகமாகப் பிரிக்கப்பட்டது 1935-ல், ஆம்ஸ்டர்டாமில்.