அலையை மறித்த புத்தகம்!

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 1885-ல் ஓர் இளைஞர் பௌதிகப் பேராசிரியராகச் சேர்ந்தார். இந்தியர் என்பதால் வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த சம்பளம் தந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. பாடம் நடத்துவதையும் நிறுத்தவில்லை. 3 ஆண்டுகள் சம்பளமின்றி உழைத்தார். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

அவர்தான் ஜகதீச சந்திர போஸ். பிறந்தது 1858-ல். செடிகளை ஆராய்ந்தவர் என்றே பலரும் அவரை அறிவார்கள். அதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை ஆராய்ந்தவர் அவர்.

ரயில் புத்தகம்

கல்லூரியில் வசதி குறைவு. உள்ளூர்த் தகர வேலைக்காரரைக் கொண்டே கருவிகள் செய்தார். அவர் உண்டாக்கிய அலையின் நீளம் 5 மில்லிமீட்டர் வரை குறுகியது. ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை!

அந்த அலைகளைச் சலிக்கச் சல்லடை வேண்டுமே? ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள்களைச் செருகினார். அலையின் மின் அதிர்வு தாள்களின் போக்கிலேயே இருந்தால், புத்தகம் மறித்தது. தாள்களுக்குக் குறுக்காக இருந்தால், வழிவிட்டது. புத்தகத்தைத் திருப்பினால் போதும், திறந்த கதவு மூடிக்கொள்ளும்!

1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் அலைக் கருவிகளை விளக்கினார்.

உலோகக் கோலம்

இன்று ரேடார் மூடிகளிலும் ஆன்டெனாக்களிலும், கோலம் போட்டதுபோல் உலோக வடிவங்களைப் பதிக்கிறார்கள். அவை வேண்டிய அதிர்வெண்ணுள்ள அலையை விட்டு, மற்றதைத் தடுக்கும். போஸின் புத்தகம் திசை பார்த்துச் சலித்தது; இவை அதிர்வெண் பார்த்துச் சலிக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பம்தான்.

1917-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய போஸ், 1937-ல் மறைந்தார். குறைந்த சம்பளத்தை ஏற்காதவர், குறைந்த கருவிகளைக் கொண்டே உலகை வியக்க வைத்தார்.