ஜோசப் பெட்சுவால்

ஜோசப் பெட்சுவால் (ஜனவரி 6, 1807 – செப்டம்பர் 17, 1891) கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். ஒளிப்படக்கலைக்கெனக் கணித முறைப்படி வடிவமைக்கப்பட்ட முதல் வேகமான உருவப்பட வில்லையை 1840 ஆம் ஆண்டில் உருவாக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

அன்றைய அங்கேரி இராச்சியத்தில் இருந்த ஸ்பிஷ்ஸ்கா பெலா என்னும் ஊரில் இவர் பிறந்தார். இவ்வூர் இன்று சிலோவாக்கியாவில் உள்ளது. பெஸ்ட் நகரில் பொறியியல் பயின்று, அந்நகரின் பொறியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1837 இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஏற்று, 1877 இல் ஓய்வு பெறும் வரை அங்கு கற்பித்தார்.

உருவப்பட வில்லை

1839 இல் பாரிசில் டாகுவேரின் ஒளிப்பட முறை வெளியிடப்பட்டது. அதில் பயன்பட்ட வில்லையின் துளை மிகச் சிறியது. ஏறத்தாழ எஃப்/15 அளவினது. இதனால் படம் பதிவாகப் பல நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரம் ஒருவர் அசையாது அமர்ந்திருத்தல் அரிது என்பதால், மனிதரைப் படமெடுப்பது இயலாததாகவே இருந்தது. பாரிசில் இம்முறையைக் கண்டு திரும்பிய இயற்பியலாளர் எட்டிங்ஸ்ஹவுசன், மேலான வில்லை ஒன்றைக் கணிக்குமாறு பெட்சுவாலைத் தூண்டினார்.

துளையைப் பெரிதாக்கினால் ஒளி மிகுதியாக உட்புகும். ஆனால் வில்லையின் பிறழ்ச்சிகளும் பெருகிப் படம் மங்கும். அக்காலத்தில் வில்லைகள் பெரும்பாலும் சோதனை முறையிலேயே செய்யப்பட்டு வந்தன. பெட்சுவாலோ ஒளிக்கதிர்களின் பாதையை முன்கூட்டியே கணக்கிட்டார். கணக்கீட்டில் தேர்ந்த பீரங்கிப் படை வீரர்கள் சிலரை இளவரசர் லூத்விக் இவருக்கு உதவியாக அளித்தார். ஏறத்தாழ ஆறு மாதங்களில் பணி நிறைவுற்றது.

இவ்வில்லை நான்கு கண்ணாடிகளைக் கொண்டது. முன்புறம் இரண்டு கண்ணாடிகள் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. பின்புறம் இரண்டு கண்ணாடிகள் சிறு இடைவெளியுடன் அமைந்தன. இதன் துளை எஃப்/3.6, பழைய வில்லையைவிட 15 மடங்குக்கும் மேலான ஒளியை இது அளித்தது. ஒரே குவியத்தூரம் உடையது என்பதால், இன்றைய வேகமான நிலைக்குவிய வில்லைகளின் முன்னோடியாக இதனைக் கொள்ளலாம்.

கூர்மையும் புலவளைவும்

பெரிய துளையில் படமெடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் குறுகிவிடும். கண்களில் குவியம் அமைந்தால் காதுகள் மங்கலாகலாம்; அமர்ந்திருப்பவர் சற்றே முன்பின் சாய்ந்தாலும் கூர்மை தவறும். தலையைத் தாங்கும் கம்பிகள் அக்காலப் படக்கூடங்களில் பயன்பட்டமைக்கு, நீண்ட ஒளிபடு நேரத்துடன் இதுவும் ஒரு காரணமாகும்.

பெட்சுவால் வில்லையில் நடுப்பகுதி மிகக் கூர்மையாகவும் ஓரங்கள் மங்கலாகவும் அமையும். வில்லை தரும் விம்பம் தட்டையான தளத்தில் அமையாமல் கிண்ணம் போன்ற வளைந்த பரப்பில் அமைவதே இதன் முதன்மைக் காரணம். இது புலவளைவு எனப்படும். ஒவ்வொரு கண்ணாடியின் குவியத்திறனையும் அதன் ஒளிவிலகல் எண்ணால் வகுத்துக் கூட்டினால் இவ்வளைவின் அளவை அறியலாம். இக்கூட்டுத்தொகை பெட்சுவால் கூட்டுத்தொகை என்று இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. முகம் படத்தின் நடுவில் அமைவதால் உருவப்படங்களுக்கு இக்குறை பெரிதாக இடையூறு செய்யவில்லை.

பிணக்கும் இழப்பும்

வில்லையைத் தயாரித்து விற்றவர் வியன்னாவைச் சேர்ந்த ஃபோக்ட்லெண்டர் ஆவார். பெட்சுவால் ஒரே தவணையாக 2000 கில்டர் மட்டுமே பெற்றார். வில்லைகள் பெருமளவில் விற்பனையாயின. ஃபோக்ட்லெண்டர் 1849 இல் செருமனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலும் தொழிற்சாலை அமைத்தார். ஆஸ்திரியாவில் பெறப்பட்ட உரிமை அங்கு செல்லாததால், இருவருக்கும் இடையே நெடுநாள் பிணக்கு நிலவியது.

1859 இல் பெட்சுவாலின் வீட்டில் திருடர்கள் புகுந்தனர். ஒளியியல் பற்றிப் பல ஆண்டுகளாக இவர் எழுதி வந்த கையெழுத்துப் படிகள் அப்போது அழிந்தன. 1843 இல் வெளியிட்ட சுருக்க அறிக்கை தவிர, இவரது முழுக் கோட்பாடும் அச்சேறவில்லை. அதன் பின் ஒளியியலைக் கைவிட்டு ஒலியியலில் ஈடுபட்டார். இறுதிக் காலத்தைத் தனிமையில் கழித்து, வியன்னாவில் காலமானார்.

நினைவு

நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கு இவர் பெயர் இடப்பட்டுள்ளது. பிறந்த ஊரில் இவர் பெயரால் அருங்காட்சியகம் உள்ளது. இவரது வடிவமைப்பு பின்னாளில் திரைப்பட ஒளிவீழ்த்திகளிலும் பயன்பட்டது. 2013 இல் லோமோகிராபி நிறுவனம் இதனைத் தழுவி எஃப்/2.2 துளையுடன் 85 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஒரு காலத்தில் குறையாகக் கருதப்பட்ட ஓர மங்கலே, சுழல்வது போன்ற பின்னணிக்காக இன்று விரும்பப்படுகிறது.