மண்ணுக்குள் மறைந்த மன்னன்

ஒரு மனிதன் இறந்து ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு அவன் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வர முடியுமா? பார்த்தவர் எவரும் இல்லை. எஞ்சியிருப்பவை எலும்புகள் மட்டுமே. அந்த எலும்புகளே சாட்சி சொன்ன ஒரு மன்னரின் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அவர்தாம் இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ரிச்சர்ட்.

ரிச்சர்ட் 1452ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிறந்தார். யார்க், லங்காஸ்டர் எனும் இரு அரச கிளைகள் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு எட்டு வயதானபோது தந்தை போர்க்களத்தில் மாண்டார். 1461இல் மூத்த அண்ணன் நான்காம் எட்வர்ட் முடிசூடினார். வளர்ந்த ரிச்சர்ட் அண்ணனுக்காகப் போரிட்டார். வட இங்கிலாந்தை அவர் சார்பில் நிருவகித்தார்.

1483 ஏப்ரலில் அண்ணன் மறைந்தார். பட்டத்துக்கு உரியவர் 12 வயது மகன் ஐந்தாம் எட்வர்ட். சித்தப்பா ரிச்சர்டே பாதுகாவலர். சிறுவனும் அவன் தம்பியும் லண்டன் கோபுரக் கோட்டையில் தங்கவைக்கப்பட்டனர். சில வாரங்களில், அவர்களுடைய பெற்றோரின் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஜூலை 6ஆம் நாள் ரிச்சர்ட் முடிசூடிக்கொண்டார். அந்தக் கோடைக்காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரும் மக்கள் கண்ணில் படவேயில்லை.

அரியணை அவருக்கு நிம்மதி தரவில்லை. 1484இல் சட்டப்படியான ஒரே மகன் இறந்தான். 1485 மார்ச்சில் மனைவி அன் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் போஸ்வொர்த் களத்தில் ஹென்றி டியூடரின் படையை எதிர்த்துப் போரிட்டு ரிச்சர்ட் மடிந்தார். அப்போது அவருக்கு வயது 32. அவர் உடல் லெஸ்டர் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, துறவியர் மடத்துத் தேவாலயம் ஒன்றில் புதைக்கப்பட்டது. 1538இல் அம்மடம் மூடப்பட்டது. பின்னர் கட்டடமும் இடிக்கப்பட்டது. மன்னரின் எலும்புகளை ஆற்றில் வீசிவிட்டார்கள் என்ற கதையே மிஞ்சியது.

வென்ற ஹென்றியின் வழியினரே அடுத்து நாட்டை ஆண்டனர். அவர்கள் காலத்தில் எழுதியவர்கள் ரிச்சர்டை அரக்கனாகவே வரைந்தனர். ஹென்றியின் பேத்தி முதலாம் எலிசபெத்தின் காலத்தில் ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தில் ரிச்சர்டுக்குக் கூன் முதுகு, சூம்பிய கை, நொண்டிக் கால். உடலின் கோணல் மனத்தின் கோணலுக்கு அடையாளமாயிற்று.

இது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய பழக்கமா? நம் இராமாயணத்தை எண்ணிப் பாருங்கள். மந்தரை என்றால் பலர் சற்று யோசிப்பார்கள். கூனி என்றால் எல்லாருக்கும் தெரியும். சூழ்ச்சிக்காரிக்கு அவள் முதுகையே பெயராக்கி வைத்திருக்கிறோம். இதை நான் எழுதக் காரணம் உண்டு. நான் படிவம் இரண்டில் படித்தபோது, என் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதாக மருத்துவர் கூறினார். ஒன்றரை ஆண்டுகள் சீருடைக்குள் கெட்டியான முதுகுப் பட்டை அணிந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். வகுப்பில் தமிழ் மாணவர்கள் சிலர்தாம். கூனி என்ற பெயரை எனக்கு வைத்தவர்களும் அவர்கள்தாம். மற்றவர்களுக்கு அச்சொல் தெரியாதே! அதனால்தான் ரிச்சர்டின் கதை எனக்கு வெறும் வரலாறாகத் தோன்றவில்லை.

இனி அகழ்வாய்வுக்கு வருவோம். ரிச்சர்டின் மீது பற்றுக்கொண்ட பிலிப்பா லாங்லி என்ற எழுத்தாளரின் விடாமுயற்சியால், லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 ஆகஸ்டு 25ஆம் நாள் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டத் தொடங்கினர். அந்த மடம் இருந்த இடம் அதுவே எனப் பழைய வரைபடங்கள் காட்டின. முதல் நாளே, முதல் குழியிலேயே கால் எலும்புகள் தென்பட்டன! சவப்பெட்டி இல்லை. அவசரத்தில் வெட்டிய குழி உடலுக்குப் போதாததால், தலை ஒருபுறம் உயர்ந்து கிடந்தது.

அது ரிச்சர்டுதான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? மைட்டோகாண்ட்ரியா என்ற உயிரணு உறுப்பில் உள்ள மரபணு தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. ரிச்சர்டுக்கும் அவர் அக்காவுக்கும் அது ஒன்றே. அந்த அக்காவின் வழியில், தாய்க்குப்பின் மகளாக இறங்கிவந்த தலைமுறைகளை ஆவணங்களின் துணையுடன் தேடி, இன்று வாழும் இருவரைக் கண்டனர். அவர்களில் ஒருவர் கனடாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த தச்சர். மரபணு பொருந்தியது. தந்தைவழி மரபணு பொருந்தவில்லை. இடையில் ஏதோ ஒரு தலைமுறையில் தந்தை வேறொருவராக இருந்திருக்கிறார். எனினும், எலும்பின் காலம், வயது, காயங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 99.999 விழுக்காடு உறுதி கிடைத்ததாக 2014இல் அறிவித்தனர்.

அந்த எலும்புகள் என்ன கூறின? முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. அவ்வளைவு பத்து வயதுக்குப் பிறகே தோன்றியிருக்கிறது. வலது தோள் சற்று உயர்ந்திருக்கும். ஆடை அணிந்தால் பெரிதாகத் தெரியாது. நாடகத்தில் வரும் கூன் முதுகு அவருக்கு இல்லை. சூம்பிய கையும் இல்லை; நொண்டியதற்கான தடயமும் இல்லை. உயிர் போகும் வேளையிலும் அதற்குப் பின்னரும் ஏற்பட்ட காயங்கள் 11. அவற்றுள் 9 தலையில். தலைக்கவசம் கழன்ற நிலையில், பலர் சூழ்ந்து தாக்க அவர் இறந்திருக்கிறார். வளைந்த அந்த முதுகின்மேல் இரும்புக் கவசம் சுமந்து, குதிரையேறிப் போரிட்டவர் அவர்.

அப்படியானால் ரிச்சர்ட் நல்லவரா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அண்ணன் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை அந்த எலும்புகள் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. 1674இல் கோபுரக் கோட்டையின் படிக்கட்டின் அடியில் கிடைத்த சிறுவர் எலும்புகள் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் உள்ளன. 1933இல் அவற்றை ஆராய்ந்தனர். ஆனால் மரபணுச் சோதனை நடைபெறவில்லை. என் முதுகைப்போல் வளைந்த முதுகு கொண்டவர் என்பதற்காக நான் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. அதே முதுகைக் காட்டி அவரைக் கொலைகாரர் என்று சொன்னதும் நீதியன்று. அந்த முதுகுக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பே இல்லை. அறிவியல் செய்த பேருதவி, அவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதுதான்.

2015 மார்ச் 26ஆம் நாள் லெஸ்டர் பேராலயத்தில் ரிச்சர்ட் உரிய மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஆட்சியில், 1484இல் கூடிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: குற்றம் மெய்ப்பிக்கப்படும்முன் கைதானவரின் உடைமைகளைப் பறிக்கக்கூடாது. அந்த நியாயம் அவருக்கே கிடைக்க ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நண்பர்களே, நம் அருகில் அமர்ந்திருப்பவருக்கு அதை இன்றே கொடுப்போம்!