ஹீரோ வரலைன்னாலும் ஷூட்டிங் நிக்காது... யார் இந்த மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள், மலை ஏறுவதற்கு முன்னால் சாலையோரம் ஒரு பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பார்கள். செல்ஃபி எடுத்தவர்களும் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் இன்று கண்ணில் படுகிற மிச்சம் அதுதான். அதைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம்.

1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வந்தவரை சினிமா இழுத்துக்கொண்டது. தமிழ்ப் படம் எடுக்க கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறிய காலம் அது. இவரோ 1935-ல் சேலத்திலேயே ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

அங்கே சினிமா ஒரு மில் மாதிரி நடந்தது. மாதச் சம்பளத்துக்கு ஆட்கள், சொன்ன நேரத்துக்கு வேலை, சொன்ன தேதிக்குப் படம். நடிகர்களை ஒப்பந்தத்தில் வைத்திருந்த அன்றைய ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் பாணிதான் இது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தது இப்படித்தான். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) கூட சேலத்துச் சரக்கு!

ஆனால், ஸ்டார்கள் இதற்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

'மந்திரி குமாரி'யை (1950) எடுத்துக்கொள்ளுங்கள். கருணாநிதி வசனம், ஹீரோ எம்ஜிஆர். ஆனால் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகும் அந்தப் பிரபலமான பாட்டு வில்லன் எஸ்.ஏ.நடராஜனுக்கு. வில்லனைத் தள்ளிவிட்டுக் கதையை முடிப்பது ஹீரோ இல்லை, மந்திரி மகளாக வரும் மாதுரி தேவி. கதைக்கு யார் தேவையோ அவருக்குத்தான் சீன். இன்றைக்கு ஒரு மாஸ் ஹீரோவிடம் இப்படிக் கதை சொல்லிப் பாருங்களேன்!

அந்தப் படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன் பாதியில் அமெரிக்கா கிளம்பியபோதும் வேலை நிற்கவில்லை. மிச்சத்தை சுந்தரமே இயக்கி முடித்தார்.

தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) பற்றி திரையுலகில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. எம்ஜிஆரின் தேதி கிடைக்காததால், பாக்கி இருந்த காட்சிகளை டூப் வைத்து முடித்துவிட்டாராம் சுந்தரம்.

இது டீம் ஸ்பிரிட்டா, முதலாளியின் அதிகாரமா? ரெண்டும்தான். ஸ்டாரின் ஈகோவுக்கு அங்கே இடமில்லை என்றால், கடைசி வார்த்தை எப்போதும் சுந்தரத்துடையது என்றும் அர்த்தம். ஒரு ஹீரோவுக்காகக் காத்திருந்தால் செட்டில் இருக்கும் எல்லோருடைய நாளும் வீண் என்ற கணக்கையும் மறுக்க முடியாது. 'அலிபாபா'வுக்குப் பிறகு எம்ஜிஆர் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் நடிக்கவில்லை.

1961-ல் மலையாளத்தின் முதல் கலர் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' படத்தை சுந்தரம் இயக்கினார். கலர் ஃபிலிம் விலை எகிறிய காலம். பெரிய ஸ்டாரைப் போட்டு அந்தக் காசை எடுக்கத்தான் யாரும் நினைப்பார்கள். இவர் மையப் பாத்திரத்தைக் கொடுத்தது குணச்சித்திர நடிகர் டி.எஸ்.முத்தையாவுக்கு. வேஷம், ஒட்டுப்போட்ட கோட்டு மாட்டிய ஒரு வயதான செருப்புத் தைக்கிறவர். ரெண்டு வருஷம் கழித்து, 1963 ஆகஸ்டில், 56 வயதில் சுந்தரம் காலமானார்.