முதல் உளநல வினாக்கொத்தை எழுதியவர்: ரொபேர்ட் வூட்வர்த்

எளிதில் கோபம் வருகிறதா? அடிக்கடி கவலைப்படுகிறாயா? தலையிடி வருகிறதா? இப்படியான கேள்விகள் அடங்கிய தாளை மாணவரிடமே கொடுத்து, விடைகளுக்குப் புள்ளி போட்டு, உள, நடத்தைச் சிக்கல்கள் உள்ளவர்களைக் கண்டறிவது இன்று பல நாடுகளில் வழக்கம். போருக்குப் பின்னர் வடக்குக் கிழக்குப் பாடசாலை மாணவர்களிடமும் இத்தகைய வினாக்கொத்துகளைக் கொண்டு ஆய்வுகள் நடந்துள்ளன. இந்த முறை பிறந்ததும் ஒரு போர்க்காலத்தில்தான். அதற்கு வழி திறந்தவர் அமெரிக்க உளவியலாளர் ரொபேர்ட் செஷன்ஸ் வூட்வர்த்.

அவர் 1869 ஒக்டோபர் 17 அன்று மசசூசெட்ஸ் மாநிலத்தின் பெல்சர்டவுன் என்ற ஊரில், ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். அம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் 1891 இல் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். பிறகு ஹார்வர்டில் உளவியல் கற்று, 1899 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். லிவர்பூலில் நரம்பியல் அறிஞர் செரிங்டனிடம் பணியாற்றிவிட்டு, 1903 இல் கொலம்பியாவுக்கே திரும்பினார். வாழ்நாளின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது.

1904 இல் சென் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், பல இனங்களைச் சேர்ந்த சுமார் 1,100 பேரிடம் அவர் அளவீடுகள் எடுத்தார். இனங்களை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தப் பலர் அவசரப்பட்ட காலம் அது. ஓர் இனத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு மிகப் பெரியது, சராசரியை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தை எடைபோட முடியாது என்று 1910 இல் அவர் எழுதினார். எண்களை நம்பிய அதே மனிதர், எண்கள் எங்கே பிழைக்கும் என்பதையும் யோசித்தவர்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. ஐரோப்பியப் போர்முனைகளில் ஷெல் வீச்சுக்கு நடுவே பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களில் பலர், உடலில் பெரிய காயம் இல்லாமலே பேச்சிழந்தனர்; நடுங்கினர்; உறக்கம் தொலைத்தனர். அதற்கு ‘ஷெல் அதிர்ச்சி’ என்று பெயரிட்டனர். இந்த ஆபத்து கூடுதலாக உள்ளவர்களைப் படையில் சேர்க்கும்போதே கண்டறிய ஒரு வழி தேடும் பொறுப்பு வூட்வர்த்திடம் வந்தது. இலட்சக்கணக்கானவர்களை ஒவ்வொருவராக விசாரிக்க மனநல வைத்தியர்கள் போதாது. ஆகவே வைத்தியர் கேட்கும் கேள்விகளைத் தாளில் அச்சிட்டு, ஆம் அல்லது இல்லை என்று அவரவரே பதில் குறிக்கும்படி அமைத்தார். உறக்கம், கெட்ட கனவு, காரணமற்ற பயம், சிறுவயது வாழ்க்கை எனக் கேள்விகள் 116 ஆயின.

கேள்விகளைத் தெரிவு செய்ய அவர் வைத்த விதி முக்கியமானது. நலமாக உள்ளவர்களிலேயே கால்வாசிப் பேர் பாதகமான பதில் தரும் கேள்வி நீக்கப்பட்டது. பரவலாகக் காணப்படும் ஒன்றை நோயின் அறிகுறியாகக் கொள்ள முடியாது என்பதே காரணம். கூடிய புள்ளி பெற்றவரை உடனே ஒதுக்கிவிடுவதும் நோக்கமல்ல. அவரை ஒரு வைத்தியர் நேரில் கண்டு பேச வேண்டும். தாள் அதற்கு முந்திய படி மட்டுமே.

படிவம் பரவலாகப் பயன்படுவதற்குள் 1918 நவம்பரில் போர் முடிந்தது. ஆனால் தாள் நிற்கவில்லை. 1923 இல் எலன் மத்யூஸ் அதைப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றினார். அதே ஆண்டு வேர்னன் கேடி, கட்டுக்கடங்காத சிறுவர்களை இனங்காண இன்னொரு வடிவத்தை உருவாக்கினார். சிப்பாய்க்கு எழுதிய கேள்விகள் இப்படித்தான் பதின்ம வயதினரிடம் வந்து சேர்ந்தன. இன்று பரவலாகப் பயன்படும் பலங்கள், சிக்கல்கள் பற்றிய வினாக்கொத்து 1997 இல் பிரித்தானியாவில் ரொபேர்ட் குட்மன் வெளியிட்டது. அதில் 25 கூற்றுகள் உள்ளன. பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்கள் தாமே நிரப்பும் வடிவமும் உண்டு. தமிழிலும் கிடைக்கிறது.

இந்த முறையின் பலவீனமும் அன்றே தெரிந்ததுதான். கேள்வி எதைத் தேடுகிறது என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும். மறைக்க நினைப்பவர் மறைக்கலாம். தாள் எங்கே போகும், யார் வாசிப்பார் என்று அஞ்சி வளர்ந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் இல்லை என்றே குறிக்கலாம். வூட்வர்த்தின் விதியையும் எம்மிடையே பொருத்திப் பார்க்க வேண்டும். பெரும் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், காணாமற்போன தந்தையை நினைத்துத் தூக்கம் கெடுவதும் ஒரு ஊரில் பல பிள்ளைகளுக்கு இருந்தால், அதை அந்தப் பிள்ளைகளின் குறையாகப் பார்ப்பது சரியா? போரைக் காணாத நாட்டுப் பிள்ளைகளிடம் வகுத்த புள்ளி எல்லை இங்கே அப்படியே பொருந்துமா? அதற்காக அந்தப் பிள்ளைகளுக்கு உதவி வேண்டாம் என்பதல்ல. தூண்டலுக்கும் எதிர்வினைக்கும் இடையில் ஒரு முழு மனிதர் இருக்கிறார் என்று வூட்வர்த் பாடநூல்களில் வலியுறுத்தினார். ஒரே குண்டுச் சத்தம் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறாகவே தங்குகிறது.

வூட்வர்த் 1914 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். 1938 இல் வெளிவந்த அவரது பரிசோதனை உளவியல் நூல் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டியது. கடைசி நூல் 1958 இல், எண்பதுகளின் இறுதியில் இருந்தபோது வெளிவந்தது. 1962 ஜூலை 4 அன்று நியூயோர்க்கில், 92 ஆவது வயதில் காலமானார்.

எமது பிள்ளைகளின் கையில் இனியும் இத்தகைய தாள்கள் வரும். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்க வேண்டியவை மூன்று: பதில்களை யார் பார்ப்பார்கள்? புள்ளி கூடிய பிள்ளையோடு உட்கார்ந்து பேச உளவளத்துணையாளர் இருக்கிறாரா? இல்லையென்றால் தாள் எதற்கு?