குழந்தைகளிடம் பாடம் கேட்ட அம்மையார்

பந்தலூர் தேயிலைத் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் புறப்படுகையில், அவர்தம் குழந்தைகள் பாடசாலைக்குச் செல்கின்றனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரின் சந்ததியாரும், மலையாளம் பேசுவோரின் மக்களும், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுச் சிறுவரும் வாழும் பிரதேசம் அது. ஒருவன் காதால் கேட்டதும் கிரகித்துக்கொள்வான். மற்றொருவனோ கையால் தொட்டாலன்றி அறியான். வீட்டுப் பாஷையே வேறான சிறுமி வாய் திறக்கவே நாளாகும். இவர்கள் அனைவருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்று விதித்துவிட்டு, பின்தங்கியவனுக்கு மந்தன் என்று பட்டம் சூட்டுகிறோம். இது நியாயமா?

இக்கேள்விக்கே தம் ஆயுளை அர்ப்பணித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-ல் இத்தாலியில் பிறந்து, 1896-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சி குன்றியவரெனக் கைவிடப்பட்ட சிறுவர்க்குக் கையாளும் கருவிகளைக் கொடுத்துக் கற்பித்தார். அவர்களிற் சிலர் பொதுப் பரீட்சையில் தேறினர். குறை குழந்தைகளிடத்திலா, பள்ளிக்கூடத்திலா என்ற ஐயம் அவருள்ளத்தில் எழுந்தது. 1907-ல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த ஸான் லொரன்ஸோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே குழந்தை தன் வேலையைத் தானே தேர்ந்துகொண்டது. சொரசொரப்பான எழுத்துக்களை விரலால் தடவிக் கற்றது. ஆசிரியரின் முதற் கடமை உற்று நோக்குவதே என்றாயிற்று.

1931-ல் லண்டனில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். முஸோலினியின் ஆட்சியுடன் முரண்பட்டுத் தாயகத்தை விட்டகன்ற அம்மையார், 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து உபாத்தியாயர்களைப் பயிற்றுவித்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும், பிரிட்டிஷ் சர்க்கார் அவரை அந்நிய விரோதியென நடத்தி, அவர் மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. சில மாதங்களில் விடுவித்தது. அம்மையார் தளரவில்லை. 1942 முதல் கோடைக்கானல் மலையில், பல வயதுக் குழந்தைகள் கூடிக் கற்பதை ஆராய்ந்தார். 1952-ல் ஹாலந்தில் காலமானார்.

அவர் பெயரைப் பலகையில் எழுதி, வசதியுள்ளோரிடம் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளிகள் இன்று நகரங்களில் மலிந்துள்ளன. ஏழைத் தொழிலாளியின் குழந்தைக்காகப் பிறந்த முறை அவனுக்கே எட்டாமற் போவது விபரீதமன்றோ! கருவிகள் விலையுயர்ந்தவையாக இருக்கவேண்டுமென்பதில்லை. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும், பொறுமையாகக் கவனிக்கும் ஓர் ஆசிரியரும் போதும். ஆனால் அந்த ஆசிரியரிடம் அளவுக்கு மீறிய குழந்தைகளை ஒப்படைத்தல் கூடாது. சர்க்காரும், ஊர்தோறும் பணியாற்றும் தொண்டர்களும் இதைத் தங்கள் பொறுப்பாக ஏற்கவேண்டும். பந்தலூர்க் குழந்தை மந்தனல்லன். அவன் கற்கும் வழியை நாம்தான் இன்னும் கற்கவில்லை.